நிலவறையின் ஆட்சி: ‘டஞ்சன் கீப்பர்’ கணினி விளையாட்டின் நிறைகுறைகள்

முன்னுரை

நாட்டுப்புறப் பாடலும் கூத்தும் திரைப்படமும் ஒரு காலத்தில் ஆய்வுக்குத் தகுதியற்றவை எனக் கருதப்பட்டுப் பின்னர்ப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றன. கணினி விளையாட்டு அந்த வாயிலுக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதனைப் பற்றித் தமிழாசிரியர்கள் உரையாடும்பொழுது மாணவரின் நேரம், கண்பார்வை, படிப்பில் நாட்டமின்மை ஆகியனவே பெரிதும் பேசப்படுகின்றன. அக்கவலைகள் நியாயமானவையே. எனினும், ஒரு விளையாட்டு தன்னை ஆடுவோரிடம் என்ன சொல்கிறது, எவ்வாறு சொல்கிறது என்னும் வினாவிற்கு அக்கவலைகளில் விடை இல்லை.

இக்கட்டுரை ‘டஞ்சன் கீப்பர்’ என்னும் ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளை ஆராய முற்படுகிறது. இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரில் இயங்கிய புல்ஃபிராக் நிறுவனம் இதனை உருவாக்கியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. இதன் தலைமை வடிவமைப்பாளர் பீட்டர் மாலினியூ. 1989இல் ‘பாப்புலஸ்’ என்னும் விளையாட்டின்வழி ஆடுவோரைக் கடவுளின் இடத்தில் அமர்த்தியவர் இவர். ‘டஞ்சன் கீப்பர்’ அதே இருக்கையைப் பாதாளத்திற்கு இறக்கியது. வெளிவந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இவ்விளையாட்டை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தீமையின் பக்கம் நின்று கதை சொல்லும் முயற்சி எவ்விடத்தில் வெல்கிறது, எவ்விடத்தில் சறுக்குகிறது என்பதை இதனைப் போல் தெளிவாகக் காட்டும் விளையாட்டுகள் மிகச் சிலவே. மேலும், 2014இல் இதே பெயரில் வந்த மற்றொரு விளையாட்டு, மூல விளையாட்டை மீண்டும் உற்றுநோக்க நம்மைத் தூண்டுகிறது.

கலைச்சொற்களைப் பற்றி ஒரு சொல். ‘டஞ்சன்’ என்பதை நிலவறை என்றே இங்கு வழங்குகிறோம். மண்ணைத் தோண்டும் சிற்றுயிரான ‘இம்ப்’ என்பதற்குக் குட்டிச்சாத்தான் என்னும் வழக்குச் சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ‘ஹார்ன்ட் ரீப்பர்’ என்னும் கொம்புடைய கொலைஞனைக் கொம்பன் என்கிறோம். மதம் பிடித்த யானையின் நினைவு அச்சொல்லோடு சேர்ந்து வருவது, பின்னர்க் காணவிருப்பதுபோல், பிழையாகாது.

தலைகீழான மரபு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, மேலைநாட்டு மாயக் கற்பனை விளையாட்டுகளுக்கு ஒரு சட்டகத்தை வகுத்துத் தந்தது. வீரர் சிலர் கூடுவர்; நிலவறைக்குள் நுழைவர்; அங்கு உறையும் பூதங்களைக் கொல்வர்; புதையலை அள்ளி வருவர். அதனைப் பின்பற்றி எண்ணற்ற கணினி விளையாட்டுகள் தோன்றின. அந்தப் பூதங்கள் ஏன் அங்கு இருக்கின்றன, எதை உண்கின்றன, யார் அவற்றுக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. ‘டஞ்சன் கீப்பர்’ கேட்டது. அதன் ஆற்றல் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

ஆடுவோர் இங்கே நிலவறைத் தலைவர். அவருக்கு உடல் இல்லை. திரையில் மிதக்கும் ஒரு கை மட்டுமே உண்டு. நிலவறையின் நடுவே துடிக்கும் இதயம் ஒன்று இருக்கும். அது அழிந்தால் ஆட்டம் முடிந்தது. எந்த மண்கட்டியைத் தோண்டவேண்டும் என்று அக்கை குறியிட்டால் குட்டிச்சாத்தான்கள் ஓடிச் சென்று தோண்டும், பொன்னைச் சுமந்து வரும், தரையைத் தம் தலைவருக்கு உரியதாக்கும், சுவரை வலுப்படுத்தும். தோண்டிய வெளியில் கருவூலம், உறைவிடம், கோழிப்பண்ணை, பயிற்சிக்கூடம், நூலகம், பட்டறை, சிறை எனக் கூடங்கள் எழும். பாதாள வாயிலைக் கைப்பற்றிய பின்னர், அக்கூடங்களின் தன்மைக்கேற்ப உயிர்கள் தாமாகவே வந்து சேரும். நூலகம் இருந்தால் மந்திரவாதிகள் வருவர். பட்டறை இருந்தால் பொறிகளும் கதவுகளும் செய்யும் டிரால்கள் வரும்.

இவ்வாறு வந்தவை படைவீரர்கள்போல் ஆணைக்கு நிற்பவை அல்ல. இதுவே இவ்விளையாட்டின் தலையாய நிறை என்பது நம் கருத்து. அக்காலத்துப் போர் விளையாட்டுகளில் ஒரு வீரனைச் சொடுக்கி, போகவேண்டிய இடத்தைச் சுட்டினால் அவன் மறுபேச்சின்றிப் போவான். இங்கே அது நடவாது. ஒவ்வோர் உயிருக்கும் பசி உண்டு, உறக்கம் உண்டு, கூலி நாள் உண்டு, வெறுப்பு உண்டு. கூலி நாள் வந்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். பூதமும் மந்திரவாதியும் சிலந்தியும் கருவூலத்திற்கு நடந்து சென்று தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். கருவூலத்தில் பொன் இல்லையெனில் சினம் மூளும்; சினம் முற்றினால் வந்த வாயில் வழியே வெளியேறும். ஈயையும் சிலந்தியையும் அடுத்தடுத்துக் குடிவைத்தால் பகை வெடிக்கும். தலைவர் செய்யக்கூடியது சூழலை அமைப்பதும், கையால் தூக்கிச் சென்று வேறிடத்தில் இறக்குவதும், சோம்பியிருப்பவற்றை ஓர் அறை அறைவதுமே. அறை வாங்கிய உயிர் சிறிது நேரம் விரைந்து உழைக்கும். ஆனால் அதன் உடல்நலம் குறையும்.

கொம்பனின் இயல்பு இதற்குத் தக்க சான்றாகும். நிலவறையின் மிக வலிய உயிர்களுள் ஒன்று அது; விளையாட்டின் அட்டைப்படத்தில் இளித்துக்கொண்டு நிற்பதும் அதுவே. அதனைப் பெற்றவர் பெருமகிழ்ச்சி கொள்வர். அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைப்பதில்லை. போரில்லாமல் சும்மா இருந்தாலோ, சம்பளம் தாமதமானாலோ கொம்பனுக்குச் சினம் ஏறும். ஏறியபின் பகைவன், நண்பன் என்னும் வேறுபாடு பாராமல் தன் கூட்டாளிகளையே வெட்டிச் சாய்க்கும். வலிமையை வைத்திருப்பதும் அதனை அடக்கி வைத்திருப்பதும் வெவ்வேறு கலைகள் என்பதனை ஆடுவோர் எந்த விளக்கவுரையும் இன்றி, தம் நிலவறை சிதைவதைக் கண்டே அறிந்துகொள்கின்றனர்.

பேய்களின் முறைப்பாடு

தமிழிலக்கியம் கற்பிப்போர் இவ்விளையாட்டை முதன்முதலில் காணும்போது முற்றிலும் அந்நியமாக உணரமாட்டார்கள். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் படைத்த பேய்கள் நினைவுக்கு வரும். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியைப் பாடவந்த அந்நூல், போர்க்களத்திற்குச் செல்லுமுன் காளியின் கோயிலுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. அங்கே பேய்கள் பசியால் வாடுகின்றன. ‘பேய் முறைப்பாடு’ என்று ஒரு பகுதியே அந்நூலில் உண்டு; பசி பொறுக்கமாட்டாத பேய்கள் தம் தலைவியிடம் சென்று முறையிடுகின்றன. நூலின் இறுதியில் களத்திலேயே கூழடுகின்றன. அச்சத்திற்குரியவை குடிமக்களாக மாறி, வயிற்றுப்பாட்டுக்காக ஆட்சியாளரிடம் குறை சொல்லும்போது அச்சம் நகையாக மாறிவிடுகிறது.

புல்ஃபிராக் நிறுவனத்தாருக்கும் பரணிக்கும் எத்தொடர்பும் கற்பிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் இரண்டிடத்தும் நகை பிறக்கும் வழி ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. வேறுபாடும் உண்டு. பரணியில் பேய்களின் பசியும் களிப்பும் இறுதியில் மன்னனின் வெற்றிச் சிறப்பைக் கூட்டவே பயன்படுகின்றன. நிலவறையிலோ புகழப்படவேண்டிய மன்னன் வேறு யாருமில்லை. முறையீட்டைக் கேட்பவரும் போரை நடத்துபவரும் கோழிகளை வளர்ப்பவரும் ஆடுவோரே. கோழிப்பண்ணையில் திரியும் கோழியைக் கூட அக்கை அறைந்து கொல்லலாம். பயன் எதுவும் இல்லை. ஆனால் அறையாதவர் அரியர் என்றே கூறலாம்.

நகையின் மற்றோர் ஊற்று, விளையாட்டில் ஒலிக்கும் குரலாகும். ரிச்சர்ட் ரைடிங்ஸ் என்னும் நடிகர் தம் ஆழ்ந்த கரகரத்த குரலில் தலைவருக்கு ஆலோசகராகப் பேசுகிறார். மொத்தம் இருபது நிலங்கள். அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: எவர்ஸ்மைல், கோசிட்டன், ஸ்னகிள்டெல், டுலிப்சென்ட், மெர்த்ஷயர். என்றும் புன்னகை, கதகதப்பு, மலர்மணம், களிப்பு எனக் கேட்ட அளவிலேயே இனிமை சொட்டும் பெயர்கள். ஒவ்வொரு நிலத்திற்குள்ளும் நுழையுமுன் அந்நிலத்து மக்களின் மகிழ்ச்சி தாங்கமுடியாத கொடுமை என்பதுபோல் அக்குரல் அருவருப்போடு வருணிக்கும். வென்று முடித்த பின்னர் அதே நிலத்தின் அழிவைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும். நன்மையைப் பழிப்பதன் வாயிலாக அதன் அழகைக் காட்டுவதும், தீமையைப் பாராட்டுவதன் வாயிலாக அதன் இழிவைக் காட்டுவதும் நம் அணியிலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்று வகுத்ததற்கு மிக அணுக்கமானவை. திருக்குறளின் கயமை அதிகாரத்தில் இவ்வணியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மேல்வகுப்பு மாணவரிடம் இக்குரலை ஓர் ஒப்பீடாக எடுத்துக்காட்டினால் வகுப்பு உறங்காது என்பது திண்ணம்.

வதைக்கூடமும் கணக்கேடும்

இனி, நிறை என்றோ குறை என்றோ எளிதில் வகைப்படுத்த இயலாத பகுதிக்கு வருகிறோம். நிலவறையில் எதுவும் வீணாவதில்லை. பகைவரைக் கொல்லாமல் மயங்கவைத்துப் பிடிக்குமாறு ஆணையிட்டால், விழுந்தவரைக் குட்டிச்சாத்தான்கள் சிறைக்கு இழுத்து வரும். சிறையில் உணவின்றி இறப்பவர் எலும்புக்கூட்டு வீரராக எழுந்து தலைவருக்கே பணிசெய்வர். வதைக்கூடத்திற்கு மாற்றப்பட்டவர் வதை தாளாமல் கட்சி மாறுவர், அல்லது தம் பக்கத்து இரகசியங்களைச் சொல்வர், அல்லது இறந்து ஆவியாக அலைவர். இடுகாட்டில் பிணங்கள் குவியக் குவிய இரத்தக் காட்டேரி தோன்றும். உயிர், உடல், பிணம், ஆவி என ஒரு மனிதன் எந்நிலையை அடைந்தாலும் அந்நிலைக்கு ஒரு பயன்மதிப்பு உண்டு.

வடிவமைப்பு நோக்கில் இது மிகச் செம்மையான ஏற்பாடாகும். ஒரு கூடத்தின் விளைபொருள் மற்றொரு கூடத்தின் மூலப்பொருளாகிறது. ஒன்றையொன்று தாங்கும் இச்சங்கிலியை உணர்ந்த பின்னரே ஆட்டம் பிடிபடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. வதைபடும் வீரன் கட்சி மாறுமுன் இறந்துவிட்டால் தலைவருக்கு இழப்பு. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிறையில் கோழியைப் போட்டுக் கைதியை உயிரோடு வைத்திருப்பர். வதைக்கூடத்தில் துடிப்பவன் மீது குணப்படுத்தும் மந்திரத்தை ஏவுவர். உணவும் மருந்தும் வதையின் கருவிகளாக மாறிவிடுகின்றன. இதனை விளையாட்டு எங்கும் கற்பிப்பதில்லை. இலாப நட்டக் கணக்கைப் பார்த்து ஆடுவோர் தாமே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். கொடுங்கோலர்களின் சிறைகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பு சிறிது நடுக்கத்தைத் தரும். படியாத பதினைந்து வயதினருக்கு அது திறமையாக மட்டுமே தோன்றும்.

விளையாட்டு இந்த இடத்தில் தன் கூர்மையைத் தானே மழுக்கிக்கொண்டது என்று நாம் கருதுகிறோம். வதைக்கூடத்தை விரும்பி வரும் சாட்டை ஏந்திய பெண்பாத்திரம் ஒன்று இவ்விளையாட்டில் உண்டு. வதைக்கப்படுவதே அவளுக்கு இன்பம், அறைந்தாலும் மகிழ்வாள். இப்பாத்திரத்தால் கூடத்தின் கொடுமை முழுவதும் மலினமான கேலியாகக் கரைந்துவிடுகிறது. நிலவறைத் தொழிலாளர்களிடையே வெளிப்படையாகப் பெண்ணாகக் காட்டப்படுபவள் அவள் ஒருத்தியே என்பதும் கவனத்திற்குரியது. 1990களின் விளையாட்டுத் துறை யாரை வாங்குவோராக எண்ணியது என்பதற்கு அது சான்று. நகைச்சுவை என்று சொல்லி இதனைக் கடந்துபோக முடியாது; பரணியின் நகையில் உள்ள துணிவு இதில் இல்லை.

பிறிதொரு வாய்ப்பும் கைநழுவியது. ஓர் உயிரின் உடலுக்குள் புகுந்து அதன் கண்வழியே நிலவறையைக் காணும் மந்திரம் தலைவருக்கு உண்டு. மேலிருந்து வரைபடம்போல் கண்ட இடம் அப்பொழுது இருளடைந்த நடைபாதையாக, சுவர்கள் நெருக்கும் பொந்தாக மாறும். ஈயின் உடலில் புகுந்தால் உலகமே பல துண்டுக் கண்ணாடிகள் வழியே சிதறித் தெரியும். 1997இல் இதனைக் கண்டோர் வியந்தது இயல்பே. ஆளுவோர் ஆளப்படுவோரின் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே தருணம் இது. இருப்பினும் அவ்வாறு பார்த்தபின் செய்வதற்கு விளையாட்டு ஒன்றும் வைக்கவில்லை. பார்க்கும் கண் மாறுகிறது. பார்ப்பவரின் தேவை மாறவில்லை. அவர் குட்டிச்சாத்தானுக்குள் புகுந்தாலும் மண்ணைத்தான் தோண்டுகிறார், வீரனுக்குள் புகுந்தாலும் வெட்டத்தான் செய்கிறார். அந்த உயிரின் சினமோ பசியோ அவரைத் தொடுவதில்லை. நம் அளவில், இவ்விளையாட்டின் மிகப் பெரிய குறை இதுவேயாகும்.

ஆட்ட அமைப்பிலுள்ள தளர்ச்சிகள்

இயங்குமுறை சார்ந்த குறைகளைச் சுருக்கமாகக் கூறலாம். போர் முதற்குறை. உயிர்களைத் தம் ஆட்சிக்கு உட்பட்ட தரையில் மட்டுமே இறக்கமுடியும் என்னும் விதி அருமையானது. அதனால் எல்லையை விரிக்கும் குட்டிச்சாத்தானே போரின் முதல் வீரனாகிறான். ஆனால் சண்டை மூண்டபின் குவியல் குவியலாக உயிர்களைக் கொட்டுவதைத் தவிர வேறு நுட்பம் இல்லை. யார் யாரைத் தாக்குகிறார் என்பதே புலப்படாத நெரிசலில் எண்ணிக்கையும் பயிற்சிநிலையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. எல்லா உயிர்களையும் பயிற்சிக்கூடத்தில் அடைத்து உச்சநிலையான பத்தாம் நிலைக்கு உயர்த்திவிட்டுப் பின்னர்ப் படையெடுப்பதே பெரும்பாலான நிலங்களுக்குப் போதுமானது. அவ்வளவு நேரம் காத்திருக்கும் பொறுமை இருந்தால் சூழ்ச்சி தேவைப்படாது. நுட்பத்திற்கு மாறாகக் காத்திருப்பைப் பரிசளிக்கும் விதி நல்ல விதியாகாது.

இரண்டாவது, கணினியே இயக்கும் எதிர்நிலவறைத் தலைவர்களின் மந்தபுத்தி. அவர்கள் கூடங்களைக் கட்டுகிறார்கள், படையும் அனுப்புகிறார்கள்; ஆனால் ஆடுவோரின் போக்கைக் கண்டு தம் போக்கை மாற்றிக்கொள்ளும் திறம் அரிதாகவே தென்படுகிறது. மூன்றாவது, இருபது நிலங்களிலும் முதல் அரைமணி நேரம் ஒன்றுபோலவே கழிகிறது. மறைவான பெட்டிகளின் உதவியால் எப்போதாவது ஓர் உயிரை அடுத்த நிலத்திற்குக் கொண்டுசெல்லலாம் என்பது தவிர, கட்டியதெல்லாம் அழிந்து மீண்டும் கருவூலம், உறைவிடம், கோழிப்பண்ணை என்று தொடங்கவேண்டும். பத்தாவது நிலத்தை எட்டும்போது இது சடங்காகிவிடுகிறது. ஒரு நிலவறையை நெடுங்காலம் பேணி வளர்க்கும் வாய்ப்பு ஆடுவோருக்குத் தரப்பட்டிருந்தால் மேற்கூறிய ஆட்சி நுட்பங்கள் இன்னும் ஆழப்பட்டிருக்கும்.

1999இல் வந்த இரண்டாம் பாகம் இவற்றுட் சிலவற்றைச் சீர்செய்தது. உருவங்கள் முப்பரிமாணம் பெற்றன. உயிர்களின் களிப்பிற்கெனச் சூதாட்டக்கூடமும் மற்போர்க் குழியும் சேர்க்கப்பட்டன. ஆனால் வெளிச்சம் கூடியது, இருள் குறைந்தது. கொம்பனும் நிலவறையில் குடியிருந்து தொல்லைதரும் உயிராக இல்லாமல், மந்திரத்தால் சிறிது நேரம் அழைக்கப்பட்டுச் சென்றுவிடும் ஆயுதமாகக் குறுகிவிட்டான். ஆட்டம் எளிதாயிற்று. கொம்பனைக் கண்டு தலைவர் அஞ்சவேண்டிய தேவை மட்டும் அதனோடு போயிற்று. மூன்றாம் பாகம் திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்டது. 2001இல் புல்ஃபிராக் என்னும் பெயரும் மறைந்தது. மாலினியூ 1997இலேயே அங்கிருந்து விலகி லயன்ஹெட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அந்நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘பிளாக் அண்ட் ஒயிட்’ விளையாட்டிலும் அதே மிதக்கும் கை, வருடவும் அறையவும் வல்லதாகத் திரும்பி வந்தது.

2014: கை மாறிய கதை

2014இன் தொடக்கத்தில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘டஞ்சன் கீப்பர்’ என்னும் பெயரிலேயே கைப்பேசிக்குரிய விளையாட்டொன்றை உலகெங்கும் வெளியிட்டது. மித்திக் என்னும் அதன் கிளைக்கூடம் உருவாக்கியது. பதிவிறக்கம் இலவசம். தோண்டவேண்டிய மண்ணும் குட்டிச்சாத்தானும் கையும் அப்படியே இருந்தன. ஆனால் மூல விளையாட்டில் சில நொடிகளில் முடியும் வேலைக்கு இங்கே மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். சில கட்டங்களைத் தோண்டி முடிக்க 24 மணி நேரமும் ஆகும். காத்திருக்க விரும்பாதவர் பணம் கொடுத்து மணிக்கற்களை வாங்கி நேரத்தைக் கடக்கலாம். மூல விளையாட்டை வடிவமைத்த மாலினியூவே இதனை வெளிப்படையாகக் குறைகூறினார்.

மக்களின் சினத்தைக் கிளறிய மற்றொன்று, ஆண்டிராய்டு பதிப்பில் மதிப்பெண் கேட்ட முறை. ஐந்து விண்மீன் அளிப்போர் நேரே கடைப்பக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். ஒன்று முதல் நான்கு வரை அளிக்க எண்ணுவோர் வேறொரு கருத்துப்படிவத்திற்குத் திருப்பப்பட்டனர். முறையீட்டைக் கேட்பதுபோல் கேட்டு, அது வெளியே ஒலிக்காதபடி அடக்கும் இவ்வேற்பாட்டை மூல விளையாட்டின் ஆலோசகர் கேட்டிருந்தால் கரகரத்துச் சிரித்திருப்பார். 2014 ஜூலையில் பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் தன் தீர்ப்பை வழங்கியது. பணம் செலுத்தாமலும் ஆடமுடியும் என்னும் நிறுவனத்தின் விளக்கத்தை அது ஏற்கவில்லை. பணம் செலுத்தாதவரின் ஆட்டம் பெரிதும் தடைப்படுவதால் இலவசம் என்று கூறிய விளம்பரம் மக்களைத் தவறான எண்ணத்திற்கு இட்டுச்செல்வது என்று அது முடிவு செய்தது. தீர்ப்புக்கு முன்பே, மே மாதத்தில், மித்திக் மூடப்பட்டிருந்தது.

இவ்விரண்டு விளையாட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் இடமாற்றம் தெளிவாகிறது. 1997இல் ஆடுவோர் தலைவராக இருந்து குட்டிச்சாத்தானை அறைந்தார். அறைந்தால் அதன் உடல் நலியும் என்னும் விலையையும் அறிந்தே அறைந்தார். 2014இல் ஆடுவோரின் பொறுமையே தோண்டப்படும் மண்ணாயிற்று. அதனைக் குறியிடும் கை திரைக்கு வெளியே இருந்தது. மூல விளையாட்டில் கூலி கிடைக்காத உயிர் சினந்து வாயில் வழியே வெளியேற இடம் இருந்தது. புதிய விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கியவர்கள் செய்ததும் அதுவே.

மூல விளையாட்டை நேசித்தோர் வேறு இரு வழிகளைத் தேர்ந்தனர். ஒரு சாரார் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2015இல் ‘வார் ஃபார் தி ஓவர்வேர்ல்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அப்பெயர் கைவிடப்பட்ட மூன்றாம் பாகத்திற்கு உரியது; ஆலோசகரின் குரலுக்கும் ரைடிங்ஸ் அவர்களையே அழைத்து வந்தனர். மற்றொரு சாரார் ‘கீப்பர் எஃப்எக்ஸ்’ என்னும் திறமூல முயற்சியில் 1997ஆம் ஆண்டின் விளையாட்டையே எடுத்துக்கொண்டு, அதன் நிரலைப் பகுதி பகுதியாகத் திருப்பி எழுதி, இக்காலக் கணினிகளில் இயங்குமாறு செய்தனர். ஊதியம் இன்றிப் பல ஆண்டுகள் நடந்த உழைப்பு அது. எதிர்நிலவறைத் தலைவர்களின் மந்தபுத்தியை அவர்கள் ஓரளவு திருத்தியிருக்கிறார்கள். புதிய நிலங்களையும் சேர்த்திருக்கிறார்கள். வதைக்கூடத்தில் மட்டும் கைவைக்கவில்லை. கைதிக்குக் கோழி போடும் பழைய உத்தி அதிலும் அப்படியே பலிக்கிறது.